புருவத்தில் குத்தும் மை அழியுமா?

கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. புடவையும் எடுத்தாகிவிட்டது. அடுத்து என்ன?

“புருவம்!” என்கிறாள் மணப்பெண்.

தாயாருக்கு விளங்கவில்லை. “புருவத்துக்கு என்னடி வந்தது? நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்கிறாள்.

மகள் விளக்கம் சொல்கிறாள். இப்போது ஒரு புது முறை வந்திருக்கிறதாம். புருவத்தில் ஊசியால் மை வைப்பார்களாம். முகம் கழுவினாலும் போகாதாம். வேர்த்தாலும் கலையாதாம். தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவம் தீட்ட வேண்டியதே இல்லையாம். கண்ணுக்கும் இப்படி மை தீட்டலாமாம். உதட்டுக்கும் சிவப்பு ஏற்றலாமாம்.

இதற்குப் “பெர்மனென்ட் மேக்கப்” என்று பெயர். தமிழில் நிரந்தர ஒப்பனை என்று சொல்லலாம்.

சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களில் தொடங்கிய இந்த வழக்கம் சிறிய ஊர்களையும் எட்டி வருகிறது. செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம் கிராமம். அங்கே இருக்கும் பெண்ணும் செல்போனில் விளம்பரம் பார்க்கிறாள். பஸ் ஏறினால் நகரம். நகரத்தில் அழகு நிலையம். அரை நாள் வேலை.

அழகாக இருக்க ஆசைப்படுவது தவறா? இல்லவே இல்லை. ஆனால், தோலுக்குள் ஊசி இறங்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் பல இருக்கின்றன. அவற்றை விளம்பரம் சொல்வதில்லை.

பாட்டி கையில் இருந்தது பேத்தி முகத்துக்கு வந்தது

இது புதிய முறை என்று சொல்கிறார்கள். உண்மையில் புதியதா?

கிராமத்துப் பாட்டிமார்களின் முன்கையைப் பாருங்கள். பலருடைய கையில் பச்சை நிறத்தில் கோலம் இருக்கும். தேள் இருக்கும். சிலருக்குக் கணவன் பெயரோ, பிள்ளை பெயரோ இருக்கும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் ஒரு புள்ளி இருக்கும்.

அதுதான் பச்சை குத்துதல். இன்றைய நிரந்தர ஒப்பனையும் அதே பச்சை குத்துதல்தான். இடம் மாறிவிட்டது. கருவி மாறிவிட்டது. பெயரும் மாறிவிட்டது. தோலுக்குள் ஊசியால் மையைச் செலுத்துவது மட்டும் மாறவில்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் கொண்ட பெரிய நூலை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் இனப் பெண்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் மை தயாரித்த விதம் வேடிக்கையானது. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைப்பார்கள். மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். அதை விளக்கில் எரித்து, மேலே சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலில் குழைப்பார்கள். அதுதான் மை. சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, மையில் தோய்த்துக் குத்துவார்கள்.

“செத்தால் நகை கூட வராது. பச்சை மட்டும்தான் கூட வரும்” என்ற நம்பிக்கை நம் பெண்களிடம் இருந்தது. நம்பிக்கை எப்படியோ போகட்டும். அதில் ஒரு உண்மை இருக்கிறது. குத்திய மை உயிர் உள்ளவரை உடம்பை விட்டுப் போகாது என்பதைப் பாட்டிமார்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். தெரிந்துதான் கையை நீட்டினார்கள்.

இன்றைய பேத்திகளில் பலருக்கு அது தெரியவில்லை. “இது பச்சை இல்லை, மேக்கப்” என்று நினைத்து முகத்தைக் காட்டுகிறார்கள்.

மை ஏன் போவதில்லை?

நம்முடைய தோல் ஒரே அடுக்கு அல்ல. மேலே ஒரு மெல்லிய அடுக்கு. அது சுமார் ஒரு மாதத்தில் தேய்ந்து உதிர்ந்து புதிதாக வளர்ந்துவிடும். மருதாணி சில நாட்களில் மங்கிப் போவதற்கு இதுதான் காரணம். மருதாணி மேல் அடுக்கில் மட்டுமே பற்றுகிறது.

ஊசி அதற்குக் கீழே போகிறது. கீழ் அடுக்கு உதிர்வதில்லை. அங்கே ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. நரம்புகள் இருக்கின்றன. உடம்பைக் காவல் காக்கும் உயிரணுக்களும் இருக்கின்றன.

மை உள்ளே வந்ததும் அந்தக் காவல் அணுக்கள் ஓடி வருகின்றன. அந்நியப் பொருள் என்று நினைத்து அதை விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. வயிற்றில் மையோடு அங்கேயே தங்கிவிடுகின்றன.

காவல் அணு செத்தால் மை வெளியேறுமா? அதுவும் இல்லை. பக்கத்தில் உள்ள புதிய அணு அந்த மையை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் எலிகளை வைத்து ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டியில் 1991ஆம் ஆண்டில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவன் உடம்பில் 61 பச்சைக் குறிகள் இருந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவை அழியவில்லை!

சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. பாறையில் உளி பட்டால் பட்டதுதான். தவறாகச் செதுக்கிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அதனால் சிற்பி முதலில் அளவு பார்க்கிறான். கோடு போடுகிறான். பிறகுதான் உளியைத் தொடுகிறான்.

முகத்தில் ஊசியை இறக்குவதற்கும் அதே நிதானம் வேண்டும்.

“நிரந்தரம்” என்ற சொல்லில் இரண்டு ஏமாற்றம்

மை போகாது என்றால் ஒப்பனையும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

புருவத்தில் வைக்கும் மையைக் கை மையைப் போல ஆழமாக வைப்பதில்லை. அதனால் ஓரிரு வருடங்களில் நிறம் மங்கும். ஆனால் முழுவதும் மறையாது. கருப்பாக இருந்த புருவம் சிலருக்குச் சாம்பல் நிறமாகும். சிலருக்கு நீலம் பாயும். பழுப்பு மை வைத்தவர்களுக்குச் சிவப்பாக மாறுவதும் உண்டு.

அப்போது மறுபடியும் குத்த வேண்டும். மறுபடியும் செலவு. மறுபடியும் வலி.

அழகாக இருக்கும் என்று நினைத்த காலத்துக்கு முன்பே மங்கிவிடுகிறது. வேண்டாம் என்று நினைக்கும்போது போக மறுக்கிறது. இதுதான் அந்த இரண்டு ஏமாற்றம்.

இன்னொன்றும் இருக்கிறது. முகம் மாறும். இருபது வயதில் இருக்கும் முகம் நாற்பதில் இருக்காது. தோல் தளரும். மையும் தோலோடு சேர்ந்து இறங்கும். நாகரிகமும் மாறும். சில வருடங்களுக்கு முன்பு மெல்லிய புருவம்தான் அழகு என்றார்கள். இப்போது அடர்ந்த புருவம் அழகு என்கிறார்கள். நாளைக்கு என்ன சொல்வார்களோ!

ஊசி வழியாக வரும் நோய்

அழகு கெடுவதை விடப் பெரிய அபாயம் நோய்.

ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றொருவருக்குக் குத்தினால் ரத்தத்தின் வழியாக நோய் பரவும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்ற இரண்டு வகை மஞ்சள் காமாலை நோய்கள் இப்படிப் பரவக்கூடியவை. எய்ட்ஸ் நோய்க் கிருமியும் பரவக்கூடும்.

ஹெபடைட்டிஸ் பி கிருமி மிகவும் பொல்லாதது. உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாட்கள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். உடம்புக்குள் போய்விட்டால் சிலருக்குப் பல வருடங்கள் வெளியே தெரியாது. உள்ளே ஈரலை அரித்துக்கொண்டே இருக்கும். ஈரல் சுருங்கலாம். புற்றுநோயும் வரலாம்.

“ஊசியை டெட்டாலில் போட்டு எடுத்தேன்” என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. “வெந்நீரில் கழுவினேன்” என்பார்கள். அதுவும் போதாது.

ஊசி ஒருவருக்கு ஒரு முறைதான். குத்தியதும் எறிந்துவிட வேண்டும். திரும்பவும் பயன்படுத்தும் இரும்புக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற இயந்திரத்தில் வைக்க வேண்டும். இது பிரஷர் குக்கர் போன்றது. 121 டிகிரி சூட்டில், அழுத்தமான நீராவியில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் கிருமிகள் சாகும். ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் செய்கிறார்கள்.

ஊசி புதிது என்றால் மட்டும் பயம் தீர்ந்துவிடுமா? மை ஊற்றும் கிண்ணத்தையும் கவனிக்க வேண்டும். ஒருவருக்குத் தொட்ட மையில் மிச்சம் இருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். விலை அதிகம் என்று மிச்சத்தை அடுத்தவருக்கு வைத்தால், புதிய ஊசியில் பழைய ரத்தம் ஏறிவிடும்!

ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பெரியவர்களுக்கு 3 தடவை போடுவார்கள். முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது. ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி கிடையாது.

மை குத்திக்கொண்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ கண் மஞ்சளித்தால், சிறுநீர் மஞ்சளாகப் போனால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மை குத்திக்கொண்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு விதி. பச்சை குத்திக்கொண்டவர்கள் 12 மாதங்கள் வரை ரத்த தானம் செய்யக் கூடாது. புருவத்துக்குக் குத்தினாலும் பச்சை பச்சைதான்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

அகத்தியும் மஞ்சளும் எரிந்த கரியில் என்ன இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியும். அவள் கண் எதிரேதான் அரைத்தார்கள். இன்றைய புட்டிக்குள் என்ன இருக்கிறது? குத்துகிறவருக்கே பல சமயம் தெரியாது.

அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் ஒரு சம்பவம் நடந்தது. நிரந்தர ஒப்பனைக்கென்று விற்ற சில மைகளைப் பற்றிப் புகார் வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. 150க்கும் மேற்பட்ட புகார்கள்! கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வீக்கம். தோல் வெடித்தது. கொப்புளம் கிளம்பியது. தழும்பு விழுந்தது. சிலருக்குச் சாப்பிடவும் பேசவும் கஷ்டமாகிவிட்டது. அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

2011ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் ஒரே மாதிரியான புண் வந்தது. விசாரித்துப் பார்த்தார்கள். குற்றவாளி ஊசி அல்ல, மைதான்! தயாரிக்கும்போதே அதில் கிருமி கலந்திருந்தது. மூடி திறக்காத புட்டியும் சில சமயம் மோசம் செய்யும் என்பதற்கு இது உதாரணம். மை கெட்டியாக இருக்கிறது என்று குழாய்த் தண்ணீரை விட்டுக் கலக்குவது எவ்வளவு அபாயம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய நாடுகள் விழித்துக்கொண்டன. பச்சை மையிலும் நிரந்தர ஒப்பனை மையிலும் 4,000க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்கு 2022 ஜனவரி முதல் அங்கே கட்டுப்பாடு உண்டு.

நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பச்சை மைகளை எடுத்துச் சோதனை செய்தார்கள். அவற்றில் 22 வகை உலோகங்கள் இருந்ததாக அந்த மாநிலச் சுகாதார அமைச்சர் 2025ஆம் ஆண்டில் தெரிவித்தார். பச்சை மைக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும்படி மத்திய அரசுக்கு எழுதப்போவதாகவும் சொன்னார்.

மையினால் ஒவ்வாமை வந்தால் கஷ்டம் என்ன? தலைக்குப் போடும் சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழுவிவிடலாம். முகப் பவுடர் ஒத்துக்கொள்ளாவிட்டால் துடைத்துவிடலாம். உள்ளே போன மையை எப்படித் துடைப்பது? அரிப்பும் தடிப்பும் உடனே வரலாம். மாதக்கணக்கில் கழித்தும் வரலாம்.

யார் யாருக்கு ஆகாது?

கீழே சொல்லும் நிலையில் உள்ளவர்கள் அழகு நிலையத்துக்குப் போகும் முன்பு டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பிணிகளும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடுவதே நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆற நாள் ஆகும். சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் அதிகமாகக் கசியும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ சதை தடித்து வளர்ந்தவர்கள் உண்டு. இதைக் கீலாய்டு என்பார்கள். அப்படிப்பட்ட உடம்பு உள்ளவர்களுக்குப் புருவத்திலும் தடிப்பு வளரக்கூடும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

அடிக்கடி உதட்டில் கொப்புளம் வருகிறவர்கள் உதட்டுக்கு மை ஏற்றினால் கொப்புளம் பெரிதாகக் கிளம்பும்.

தலைச் சாயமோ, கருப்பு மருதாணியோ ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கியவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

18 வயது நிரம்பாத பெண்ணுக்கு இது வேண்டவே வேண்டாம். முகம் இன்னும் வளர்கிறது. மனமும் மாறும்.

குத்துகிறவர் யார்?

2024 டிசம்பரில் திருச்சியில் நடந்த ஒரு சம்பவம் பலரைத் திடுக்கிட வைத்தது. பச்சை குத்தும் கடையில் நாக்கை இரண்டாகப் பிளந்து விட்டிருக்கிறார்கள்! அது டாக்டர் செய்ய வேண்டிய ஆபரேஷன். போலீசார் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். மாநகராட்சி அதிகாரிகள் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

கடை நடத்த உரிமம் வாங்குவது வேறு. தோலில் ஊசி இறக்கத் தெரிவது வேறு. இதை வாடிக்கையாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பழைய காலத்துப் பச்சை குத்தும் பெண் ஊருக்குத் தெரிந்தவள். அடுத்த வருடமும் அதே தெருவுக்கு வருவாள். கை புண்ணாகிவிட்டால், “என்னம்மா இப்படிச் செய்துவிட்டாய்?” என்று அவளை நிறுத்திக் கேட்கலாம். இன்று செல்போன் விளம்பரத்தைப் பார்த்துப் போகும் இடத்தில் அடுத்த மாதம் கடையே இருக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே, உட்காரும் முன்பு கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

1. எங்கே பயிற்சி பெற்றீர்கள்? எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?

2. நீங்கள் குத்தியவர்களில் ஒரு வருடம் கழிந்தவர்களின் படம் இருக்கிறதா? (அன்றைக்கே எடுத்த படத்தில் எல்லோரும் அழகாகத்தான் இருப்பார்கள்.)

3. ஊசி உறையை என் கண் முன்னால் பிரிப்பீர்களா?

4. மைப் புட்டியில் தயாரித்தவர் பெயரும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் இருக்கிறதா? அதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

5. எனக்கென்று தனிக் கிண்ணத்தில் மை ஊற்றுவீர்களா?

6. கையுறை புதிதா? நடுவில் செல்போனைத் தொட்டால் கையுறையை மாற்றுவீர்களா?

7. மரத்துப் போகத் தடவும் களிம்பின் பெயர் என்ன? (இதை அதிகமாகத் தடவினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.)

8. காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று சில வாரங்கள் பார்க்கலாமா?

9. ஏதாவது ஆகிவிட்டால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்?

10. ரசீது கொடுப்பீர்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல தொழில்காரர் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கல்யாணத்துக்கு முதல் வாரம் கூடாது!

பலர் செய்யும் தவறு இது. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு போய் உட்காருகிறார்கள்.

மை வைத்த முதல் சில நாட்கள் நிறம் மிகவும் அழுத்தமாக இருக்கும். வீக்கமும் இருக்கும். பிறகு பொருக்கு கட்டும். ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு உதிரும். அப்போது நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். முழுவதும் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் விட்டுப்போன இடத்தை நிரப்புவார்கள். ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். நாள் இல்லை என்றால் பேசாமல் பென்சிலால் தீட்டிக்கொள்ளலாம்.

பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மஞ்சள் பூசக் கூடாது. வேப்பிலை, எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் செய்யக் கூடாது. குளத்திலும் ஆற்றிலும் முங்கக் கூடாது. வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் கடைக்குப் போகாதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள். கண்ணில் வலியோ, பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நேர்ந்தால், மை வைத்திருப்பதை அங்கே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு மை உள்ள இடத்தில் சூடோ வீக்கமோ ஏற்படுவது உண்டு. அது அபூர்வம். அதற்குப் பயந்து தேவையான படத்தை எடுக்காமல் இருக்கக் கூடாது.

லேசர் அழித்துவிடாதா?

“பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம்” என்று சொல்லித் தைரியம் கொடுப்பார்கள்.

லேசர் ஒளி மையைத் துகளாக உடைக்கிறது. உடைந்த துகளை உடம்பு மெதுவாக வெளியேற்றுகிறது. ஒரே தடவையில் முடியாது. பல தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பல வாரங்கள் விட வேண்டும். வைக்கும் செலவை விட எடுக்கும் செலவு அதிகமாகலாம்.

விசித்திரம் ஒன்றும் இருக்கிறது. வெள்ளை, தோல் நிறம், சிவப்பு மைகளில் சிலவற்றின் மேல் லேசர் பட்டால் அவை மறைவதற்குப் பதிலாகக் கருப்பாக மாறிவிடும்! உதட்டில் இளஞ்சிவப்பு மை வைத்த பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நல்ல பயனும் உண்டு

இவ்வளவு சொன்னதால் இந்தக் கலையே கெட்டது என்று அர்த்தம் அல்ல.

நோயினால் புருவ முடி முழுவதும் உதிர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மை வைத்து இழந்த தோற்றத்தைத் திரும்பக் கொடுக்க முடியும். பரவாமல் நின்றுவிட்ட வெண்புள்ளிகளுக்கும் தோல் டாக்டர்கள் இந்த முறையில் நிறம் கொடுப்பது உண்டு. கூட்டத்தில் தலை குனிந்து நடந்த ஒரு பெண் நிமிர்ந்து நடப்பாள் என்றால் அது பெரிய உதவி அல்லவா?

அதனால்தான் இந்தத் தொழிலைத் தடை செய்ய வேண்டியது இல்லை. ஒழுங்கு செய்ய வேண்டும்.

முடி வெட்டும் கடைக்கும், தோலைக் குத்தும் கடைக்கும் ஒரே சட்டம் போதாது. குத்துகிறவர்களுக்குப் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும். தேறியவர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். மைப் புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்பதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து ஊசியையும் கிண்ணத்தையும் பார்க்க வேண்டும். குத்திய ஊசியைத் தெருக் குப்பையில் எறியாமல் ஆஸ்பத்திரிக் கழிவைப் போல அப்புறப்படுத்த வேண்டும். திருவிழாவிலும் சந்தையிலும் பாட்டரி இயந்திரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு ஒரே ஊசியால் குத்துகிறவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். அவர்களை விரட்டி அடிப்பதை விட, புதிய ஊசியையும் பயிற்சியையும் கொடுப்பது மேல்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

எந்தப் புருவம் வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாளோ, அதே புருவத்தை மை பென்சிலால் ஒரு மாதம் தினமும் தீட்டிப் பார்க்கட்டும். வெயிலில் பார்க்கட்டும். படம் எடுத்துப் பார்க்கட்டும். அம்மாவிடமும் அத்தையிடமும் காட்டட்டும். மாதம் முடிந்தும் ஆசை குறையவில்லை என்றால், அந்தப் பத்துக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல இடத்துக்குப் போகட்டும்.

ஆசை குறைந்துவிட்டால்? முகத்தைக் கழுவினால் போதும். பென்சில் மை போய்விடும். ஊசி மை போகாது.